லேமினேஷன் போட்ட மருந்துச் சீட்டு

ஐப்பசி, சனி. காலையிலிருந்து மழை.

வா நோட்டே, சௌக்கியமா? ஈரம் ஏறாமல் கிடந்தாயா? நானும் இருக்கிறேன். கடையில் கறி போகவில்லை. பூந்தமல்லியில் மழை பிடித்தால் ஜனம் முட்டைக்குத் தாவிவிடும். வேப்பம்பட்டிலிருந்து வந்த கிடா, கட்டின கயிற்றையே தின்றுவிட்டது. அந்தக் கதை அப்புறம்.

செல்வம் வந்தான். மல்லிகாவின் தம்பி, என் மச்சான். குத்தம்பாக்கத்தில் சிமெண்ட் இறக்கும்போது லாரியிலிருந்து விழுந்தவன். முதுகு போயிற்று. டாக்டர் கொஞ்ச நாளைக்கு என்று எழுதிய வலி மாத்திரையை இன்னும் விடவில்லை. இன்று ஒரு வேடிக்கை. டாக்டர் சீட்டுக்கு லேமினேஷன்!

"மழைல ஊறுது மாமா. ரேஷன் கார்டு மாதிரி போட்டுகினேன்."

குடும்பப் பழக்கம். எந்தத் தாள் கிடைத்தாலும் பிளாஸ்டிக் போடுவார்கள். எங்கள் கல்யாணப் பத்திரிகைக்கும் மல்லிகா போட்டாள். ஏகாம்பரம் என்ற என் பேர் அதில் தப்பாக அச்சானது, இனி கரையானுக்கும் கிடைக்காது.

"டேய், பக்கத்து மெடிக்கல் ஷாப்பு பாய் சீல் குத்துவாரே, எங்க குத்துவாரு?" என்றேன். மாத்திரை கொடுத்தாச்சு என்பதற்கு அந்த சீல். அப்புறம் அதே சீட்டில் வாங்க முடியாது. செல்வம் சிரித்தான். நானும்.

ஞாயிறு. வெயில். கூட்டம்.

கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்தேன். எழுதுகிறேன்.

கறி வெட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கடையில் பாய் செல்வத்தின் சீட்டின் மேல் சீல் குத்தினார். மை வழுக்கியது. கட்டைவிரலால் தேய்த்தார், சீலே போய்விட்டது. சீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இன்னா செல்வம், தேதிய மாத்திகீறே? எத்தினி கடைல சீல தொட்ச்சி தொட்ச்சி வாங்கன?"

"மாத்திரைய குடு பாய்."

"போய் டாக்டரப் பாரு. புது சீட்டு வாங்கியா. இது என்னாண்ட இருக்கட்டும்."

"குட்றா என் சீட்ட!"

என் கட்டையின் மேலிருந்த எலும்பு வெட்டும் கத்தியை எடுத்தான். முதல் வீச்சு கண்ணாடியில். அடுத்தது கல்லாவின் மேலிருந்த பாயின் வலது கையில். விரல்கள் மருந்து டப்பாக்களுக்கு நடுவே. ரத்தம் என் கடைவரைக்கும். ஆட்டு ரத்தத்தோடு கலந்தது, எது எது என்று தெரியவில்லை.

மூன்றாவது ஓங்கினான். தராசுக் கல்லால் அவன் வாயில் அடித்தேன். விழுந்தான். மார்பில் முட்டி போட்டேன். அப்புறமும் அடித்தேன். கத்தி கையைவிட்டுப் போன பிறகும் அடித்தேன். "உட்றா யோவ், செத்துடுவான்" என்று ஜனம் இழுத்தது. ஒருத்தி ஈரல் பையைக் கீழே போடாமல் நின்று பார்த்தாள்.

திங்கள். தூறல். கடை இல்லை.

ஸ்டேஷன். "கத்தி யாருது?" என்னுது. "எடுத்தது யாரு?" குடிக்கத் தண்ணீர் கேட்டேன். செல்வம் வீட்டு அரிசி டிரம்மில் போலீஸ் எடுத்தது மாத்திரை அட்டைகள், பில்லோடு. ஆவடி, திருநின்றவூர், எல்லா ஊர்க் கடையும்.

செல்வத்துக்குப் பார்த்த வக்கீலம்மா விளக்கினார். தேதியைத் திருத்தினது ஒரு கேஸ். அதைக் காட்டி வாங்கினது ஏமாற்றின கேஸ். வீட்டில் பதுக்கினது போதைக் கேஸ், ஜாமீன் லேசில் வராது. கத்தி எடுத்தது கொலை முயற்சி.

"அவனுக்கு நெசமாவே நோவும்மா," என்றாள் மல்லிகா.

"நோவு நெசம்தாம்மா. சீட்டு பொய்யாச்சே. மழைக்கு பிளாஸ்டிக் போட்டான்னு நீங்க சொல்றீங்க. சீல அழிக்கப் போட்டான்னு போலீஸ் சொல்லும்."

வீட்டில் மல்லிகா கஞ்சிப் பானையைத் தூக்கி எறிந்தாள். என் கால் வெந்துவிட்டது.

"என் தம்பி மூஞ்ச ஒட்ச்சிட்டு சோறு கேக்குறியா? பாய்தான் மொதல்ல அட்ச்சாருன்னு ஜட்ஜாண்ட சொல்லு. ஒரு வார்த்தை, அவ்ளோதான்யா. கொலை கேசாவது போவும்."

புதன். மப்பு.

காலில் கொப்புளம். ஆஸ்பத்திரியில் பாய். வலது கை துணி மூட்டை மாதிரி. நான் பள்ளிக்கூடம் போகாதவன். கடை சும்மா கிடக்கும் மத்தியானங்களில் இந்த எழுத்தைச் சொல்லிக்கொடுத்தது அந்தக் கைதான்.

"அண்ணாத்தே, சீல் குத்துற கைய பாத்து வெட்டிட்டான்," என்று சிரித்தார். சிரிப்பு நடுவிலேயே அறுந்தது.

அவர் சம்சாரம் கேட்டார்: "நீங்க பாத்தத சொல்லுவீங்கதானே?"

வாங்கிப்போன ஆரஞ்சை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

வெள்ளி. கோர்ட் வராந்தா. வெயிலும் மழையும்.

நோட்டு மடியில். மாஜிஸ்திரேட்டிடம் நான் வாக்குமூலம் கொடுக்க வேண்டும். மல்லிகா பக்கத்தில், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு. வரும்போதே சொல்லிவிட்டாள்: "தம்பிக்கு எதிரா சொன்னீன்னா, நான் அந்த ஊட்டுக்கு வரமாட்டேன்."

செல்வத்தை வேறு கேஸ்காரர்களோடு கொண்டுபோனார்கள். உதடு தையல், என் கல் பட்ட இடம். மாத்திரை இல்லாமல் உடம்பெல்லாம் உதறல். சுவரோரம் வாந்தி எடுத்தான். "மாமா, நோவுது மாமா. சொல்லு மாமா." கான்ஸ்டபிள் பிடரியில் ஒன்று விட்டார். நான் எழுந்தேன். மறுபடி உட்கார்ந்தேன்.

உள்ளே போனால் வாய் குளறும். அதனால் சொல்லப்போவதை இங்கே ஒருமுறை எழுதிப் பார்க்கிறேன். மல்லிகா பார்க்கிறாள். அவளுக்குப் படிக்கத் தெரியும்.

ஐயா, கத்தி என்னுது. எடுத்தது என் மச்சான் செல்வம். பாய் யாரையும் அடிக்கவில்லை. அவர் கையில் அப்போது

"எழுந்துருயா. உன் பேரத்தான் கூப்புடறாங்க," என்றாள் மல்லிகா.