குருவி பல் தேய்க்கும் நேரம்

மார்ச் 4, செவ்வாய்

குளியலறை வாசலில் இன்றும் வரிசை. என் தங்கை குருவிக்கு வயது பதினைந்து. பல் தேய்க்கும்போது அன்றைக்கு நடக்கப்போவதில் ஏதாவது ஒன்று அவள் கண்ணில் பட்டுவிடும். ஃபிரிட்ஜ் ரிப்பேர் வேலைக்குக் கிளம்பிய அப்பா, குடை வேண்டுமா என்று கேட்டார். தைத்து வைத்த சட்டையை டீச்சரம்மா இன்றைக்காவது வாங்க வருவாரா என்று அம்மா கேட்டாள். மகாராணி வாயில் நுரையோடு தலையாட்டினாள். வேலைக்கு நேரமாகிறதே என்று நான் ஒருத்தி நிற்பது யார் கண்ணிலும் படவில்லை.

பொறாமைதான். எழுதிவிட்டேன், போதுமா?

மார்ச் 11, செவ்வாய்

டிரைவிங் டெஸ்டில் இரண்டாவது முறையும் ஃபெயில். ரிவர்ஸ் எடுக்கும்போது கம்பத்தில் இடித்தேன். அம்மா மடியில் விழுந்து அழ வேண்டும் என்று வந்தால், அவள் ஏற்கெனவே ஆறுதல் முகத்தோடு வாசலில் நிற்கிறாள். "கம்பம் எங்கயும் போயிடாதும்மா, அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்கிறார் அப்பா. காலையிலேயே குருவி எல்லாவற்றையும் கக்கிவிட்டிருக்கிறாள்.

தோற்றதைக்கூட நான் சொல்லக் கூடாதா? என் வாழ்க்கையில் எனக்கென்று என்னதான் இருக்கு?

கத்திவிட்டேன். "நல்லதோ கெட்டதோ, இனிமே என் விஷயத்துல நீ வாயையே திறக்கக் கூடாது." பேந்தப் பேந்த விழித்தாள். பாவமாக இருந்தது — இல்லை, இருக்கவில்லை.

மார்ச் 12

பேச்சு இல்லை.

மார்ச் 25, காலை

மூன்றாவது டெஸ்ட். பல் தேய்த்தபடியே கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். கேட்டுவிடலாமா என்று நாக்கு துறுதுறுத்தது. கேட்கவில்லை. அப்பா ஜாடையாக விசாரித்ததற்கு, "ஒண்ணும் தெரியலப்பா" என்றாள். ராங்கிக்காரி.

மாலை

பாஸ்!

வீட்டுக்குள் நுழைந்தால் மூன்று பேரும் என் வாயையே பார்க்கிறார்கள். யாருக்கும் தெரியவில்லை. "சொல்லித் தொலையேன்டி" என்றாள் அம்மா. நான் பையை வைத்து, தண்ணீர் குடித்து, சாவியைத் திருப்பியதில் தொடங்கி ஆற அமரச் சொன்னேன். கம்பத்தைத் தாண்டிய இடத்தை அப்பா இரண்டு முறை கேட்டார். குருவிகூடக் கன்னத்தில் கைவைத்து, "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

சந்தோஷத்தில் துள்ளி இறங்கி, கார் கதவில் இடது முழங்காலை இடித்துக்கொண்டதை மட்டும் சொல்லவில்லை. மானம் போய்விடும்.

சாப்பிடும்போது மேசைக்கு அடியில் காலில் சில்லென்று பட்டது. துணியில் சுற்றிய ஐஸ். சரியாக இடது முழங்காலில். நிமிர்ந்து பார்த்தால், குருவி குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள்.

நடிக்கக்கூட அவளுக்கு இவ்வளவு நன்றாக வருகிறது. பொறாமையாகத்தான் இருக்கிறது.

ஐஸ் கரையும்வரை நான் காலை நகர்த்தவில்லை.