காஞ்ச காலுக்குச் சுடுதண்ணி

அக்கா,

போனவர்களுக்கு எழுதுவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. இருக்கும்போதே உங்களிடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசாதவள் இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

இன்று காலை கரண்ட் இல்லை. கீழ்வீட்டுக்காரர் வாசலில் விறகடுப்பு மூட்டித் தண்ணீர் வைத்தார். கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சியை நாங்கள் மிலாறு என்போம். அதன் புகை படியேறி, மாடியில் என் வாடகை அறைக்குள் வந்துவிட்டது. புகையை மோந்தே விறகைச் சொல்லிவிடுவீர்களே, "இது கற்பூர மரமில்ல கண்ணு, தேயிலை" என்று. பக்கத்தில் சொல்ல ஆளில்லை. ஜன்னலைத் திறக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

குன்னூரில் அந்த டிடிபி கடையில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில்தான் வந்தீர்கள். டைப் அடிக்கக் கொடுத்த கட்டின் மேல் "மலைப்பாதையில் வாந்தி: ஒரு வரலாறு" என்று எழுதியிருந்தது. பி.ஏ. வரலாற்றில் நான் படித்ததெல்லாம் போரும் உடன்படிக்கையும்தான். எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள் என்பதால், தெரியாத எதையும் என் படிப்பில் விட்டுப்போனது என்றே நினைத்துக்கொள்வேன். மெதுவாகக் கேட்டேன், "தலைப்பு சரிதானுங்களா மேடம்?"

"மேடமா? நான் மளிகைக்கடைக்காரர் பொண்ணு கண்ணு. அக்கான்னு கூப்பிடு. வாந்தி சரிதான்."

அந்தப் புத்தகத்துக்காக நாம் பர்லியார் போனது நினைவிருக்கிறதா? பஸ் நிற்கும் இடத்தில் எலுமிச்சம்பழம் விற்பவர்கள், முகம் கழுவுகிறவர்கள். அத்தனை பேருக்கும் நடுவில் ஒரு கண்டக்டரைப் பிடித்து நிறுத்தினீர்கள்.

"ஏனுங்க, எந்த வளைவுல சனம் அதிகமா வாந்தி எடுக்கும்?"

"எம்பட சட்டயக் கேளுங்க. வரலாறு பூராம் அதுலதான் இருக்குது."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர், "ராஜா ராணியெல்லாம் தீந்துபோச்சுங்களா, இதுக்கு வந்துட்டீங்க?" என்றார். "ராஜாவும் இந்த ரோட்டுல வந்திருந்தா எடுத்திருப்பாருங்க" என்றீர்கள். கூட்டத்தில் எல்லாரும் என்னைப் பார்ப்பதுபோல் இருந்ததால் நான் உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தேன். உங்களோடு சுற்றிய வருஷங்களில் நான் அதிகம் பார்த்தது உங்கள் முதுகைத்தான். பச்சை ஸ்வெட்டர், இடது தோளில் ஒரு தையல் விட்டிருக்கும்.

குடை பற்றி எழுதினீர்கள். அட்டைப்பூச்சி பற்றி எழுதினீர்கள். அச்சான புத்தகங்களில் பாதி உங்கள் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. உங்களுக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. எழுதியவரின் "நான்" எந்த வரியிலும் வரக்கூடாது. "நம்மள யாரு கேட்டா?" என்று கோடு போட்டு அடித்துவிடுவீர்கள். பர்லியார் கண்டக்டர்கூடப் புத்தகத்தில் வந்தார். அவரைக் கேட்டவர் வரவில்லை.

கடைசியாக எடுத்தது வெந்நீர். பங்களா பாய்லர்கள், சீசனுக்கு வருகிறவர்களுக்காக விடிகாலையில் வாளி தூக்கிய ஓட்டல் பையன்கள், உறைபனி நாளில் எஞ்சினுக்கு ஊற்றிய கெட்டில் தண்ணீர் என்று ஒவ்வொன்றாக எழுதி முடித்தீர்கள். தேயிலைத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் எஸ்டேட் லைன் வீடுகள்தான் பாக்கி. அதற்காக என் வீட்டுக்கு வருகிறேன் என்றீர்கள். எனக்கு இரண்டு நாள் தூக்கமில்லை. டவுனிலிருந்து யாரும் எங்கள் லைனுக்கு விருந்தாளியாக வந்ததில்லை.

அன்று விடாத மழை. அம்மா கொழுந்து பறித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். மழையில் வந்தவர் காலுக்கு முதல் சொம்பு சுடுதண்ணி ஊற்றித்தான் உள்ளே கூப்பிடுவது எங்கள் வழக்கம். சிலோனிலிருந்து கூடவே வந்தது. அம்மா தன் காலுக்கு வைத்திருந்ததை மொண்டு, "கால நீட்டுங்கம்மா" என்றாள். நீங்கள் பதறிப்போய்ப் பின்னால் நகர்ந்தீர்கள்.

"ஐயோ, வேண்டாமுங்க. பகல் முச்சூடும் நனைஞ்சுட்டு வந்திருக்கீங்க, நீங்க ஊத்திக்குங்க. எனக்குப் பச்சத்தண்ணியே போதும்."

வெளிக் குழாயில் போய்க் கால் கழுவிக்கொண்டு வந்தீர்கள். அம்மா சொம்பைக் கவிழ்த்து வைத்தாள். அதன் பிறகு நீங்கள் என்ன கேட்டாலும் "தெரியாதும்மா" என்பதுதான் பதில்.

திரும்பும் பஸ்ஸில், "உங்கம்மாவும் உன்ன மாதிரியே, வாயத் திறக்கமாட்டீங்கறாங்க" என்றீர்கள். சொல்லலாமா வேண்டாமா என்று மூன்று நிறுத்தம் கடந்தது. பிறகு சொன்னேன். எங்களிடம் வேலை வாங்க வருகிறவர்கள், கணக்குப் பார்க்க வருகிறவர்கள் எல்லாம் எங்கள் வீட்டுத் தண்ணீரைத் தொடாமல் குழாயடியில்தான் கால் கழுவிக்கொண்டு போவார்கள் என்று. நீங்கள் பாவம் பார்த்துத்தான் வேண்டாம் என்றீர்கள். உங்களிடமும் அம்மா கண்டது அவர்கள் செய்ததைத்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நான் வீட்டில் இருந்தபோது, என்னிடமும் சொல்லாமல் கிளம்பி வந்துவிட்டீர்கள். எங்கள் வாசலில் செருப்பைக் கழற்றி, ஒரு காலை நீட்டிக்கொண்டு நின்றீர்கள்.

"ஊத்துங்க."

அன்று பார்த்து நல்ல வெயில். அம்மா உங்கள் காலையும் வானத்தையும் பார்த்தாள். "காஞ்ச காலுக்கு என்னத்துக்கும்மா சுடுதண்ணி?"

நீங்கள் திரும்பி நடந்தீர்கள். கோபித்துக்கொண்டு போகிறீர்கள் என்று பயந்துபோனேன். குழாயடிச் சேற்றில் முழங்கால் வரை இறங்கி, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு திரும்பி வந்தீர்கள். லைனே வாசலுக்கு வந்துவிட்டது. "டவுன் அம்மாவுக்கு என்னாச்சு?" என்று யாரோ கேட்டார்கள். அம்மா அடுப்படிக்கு ஓடி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பிறகு மிலாறை அள்ளி அடுப்பில் திணித்தாள்.

தேத்தண்ணி குடித்துக்கொண்டே சாயங்காலம் வரை பேசினாள். கப்பலேறி வந்தபோது அவள் சின்னப்பிள்ளை. மண்டபம் முகாமில் இறங்கியதும் அவளுடைய அப்பா மணலைத் தொட்டுப் பார்த்துவிட்டு அழுதாராம். "இந்தச் சூட்டு ஊருல வீட்டுக்கு வர்றவங்களுக்கு எதை ஊத்தி உள்ள கூப்புடுவோம்னு அழுதாரும்மா." அதை நான் அன்றுவரை கேட்டதில்லை. எனக்கே சொல்லாததை உங்களிடம் சொன்னாள்.

இரண்டு மாதத்தில் நீங்கள் போய்விட்டீர்கள். நெஞ்சுவலி என்று கடைக்கு வந்த யாரோ சொல்லித்தான் தெரிந்தது. ஓடி வந்தபோது உங்கள் தம்பி உங்களைக் கோயமுத்தூருக்கு எடுத்துப்போக வண்டி ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். "நீங்க யாருங்க?" என்று கேட்டார். டைப் அடிக்கிற பெண் என்றேன். வேறு என்ன சொல்வது என்று இன்றுவரை தெரியவில்லை. வண்டி வளைவில் திரும்பியதும் பனி மூடிவிட்டது. கடைக்குத் திரும்பி, யாருடைய கல்யாணப் பத்திரிகையையோ அடித்தேன்.

இப்போதும் அதே கடைதான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் சுற்றப் போவதில்லை. டீக்கடையில் இரண்டு பேர் எதையாவது வாக்குவாதம் செய்தால், நீங்கள் இருந்தால் இடையில் புகுந்து என்ன கேட்டிருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்வேன். நான் கேட்பதில்லை.

போன வாரம் பதிப்பாளர் போன் செய்தார். லைன் வீட்டு அத்தியாயத்தை நானே எழுதித் தரவேண்டுமாம். முடியாதென்றால் அது இல்லாமலே அச்சுக்குப் போகுமாம். அப்படிப் போனால் வெந்நீரில் குளித்தவர்கள் எல்லாரும் புத்தகத்தில் இருப்பார்கள், எங்களைத் தவிர. மூன்று முறை எழுதினேன். உங்கள் கட்டுப்பாட்டின்படியே, நான் இல்லாமல், நீங்கள் இல்லாமல். எல்லாம் சரியாக இருந்தது. படித்தால் அரசாங்க அறிக்கை மாதிரி இருந்தது.

லைனுக்குப் போய் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அந்தம்மா சேத்துல எறங்குனது எங்க?" என்று கேட்டாள். அது வரக்கூடாது, அக்காவுக்குப் பிடிக்காது என்றேன்.

"அத விட்டுட்டு நான் பேசுனத மட்டும் போட்டா, யாரு வந்து கேட்டாலும் சொல்லிருப்பேன்னுல்ல நெனப்பாங்க? எங்கப்பா அழுதத நான் யார்கிட்டயும் சொல்லலயே. அவுங்க இல்லாட்டி என் பேச்சும் வேணாம்."

அவள் சொன்னால் சொன்னதுதான். திங்கட்கிழமைக்குள் நான் கொடுக்கவேண்டும். இத்தனை பக்கமும் இதைக் கேட்கத்தான் சுற்றிச் சுற்றி வந்தேன் அக்கா. உங்களை அந்தப் புத்தகத்துக்குள் விடுங்கள். அந்த மழைநாளில் நீங்கள் வேண்டாம் என்றதையும் மறைக்காமல் எழுதுகிறேன். அடிக்காதீர்கள்.