மட்டம் பார்க்காத தரை

மார்ச் 4
காரை வாங்கியவர் ஓட்டிக்கொண்டு போனார். அப்பா வாசலுக்கே வரவில்லை. பார்வை மங்கிய பிறகு அவர் ஓட்டவும் இல்லை. இனி வாடகையில்தான் வீடு நடக்க வேண்டும். அம்மா முதலில் என் அறையைத்தான் சொன்னாள். "பொண்ணு ரூமை விட்டுடு. கார் ஷெட்டை மாத்திக்கலாம்" என்றார் அப்பா.

மார்ச் 11
ஷட்டரைக் கழற்றிச் சுவர் எழுப்பியாயிற்று. ஒரு கதவு, மேலே கைக்குட்டை அளவில் காற்றுத் துளை. கொத்தனார் என்னிடம் கேட்டார்: "கார் கழுவுற தண்ணி வெளிய போக, தரையை வாசல் பக்கம் சரிச்சிருக்காங்கம்மா. மட்டம் பண்ணிட்டு டைல்ஸ் போடவா? மூணு நாள் கூட ஆகும்." அப்பா கண் டாக்டரிடம் போயிருந்தார். என் கையில் நாவல், கடைசி அறுபது பக்கம். காலையிலிருந்து ஒரே இரைச்சல். "அப்படியே போட்டுடுங்க" என்றேன்.

மார்ச் 12
அப்பாவிடம் சொல்லவில்லை.

மார்ச் 29
நான்கு பேர் பார்த்துவிட்டுப் போனார்கள். "சொல்றோம்" என்றார்கள். யாரும் சொல்லவில்லை. கட்டில் ஆடுகிறது, பீரோ கதவு தானாகத் திறந்துகொள்கிறது. அப்பா உட்கார்ந்து தரையைக் கையால் தடவிப் பார்த்தார். "கொத்தனார் ஏமாத்திட்டான்." நான் பீரோ கதவைச் சாத்தினேன். இத்தனை புத்தகம் படிச்சு என்னத்தைக் கிழிச்சேன்?

ஏப்ரல் 6
அறையைப் பார்க்க ஒரு நர்ஸ் வந்தாள். அவள் கீழே வைத்த தண்ணீர் பாட்டில் சாய்ந்து கதவு வரை உருண்டது. "அதுவே கிளம்பிடுச்சு ஆன்ட்டி!" அம்மாவும் சிரித்துவிட்டாள். கை கழுவ வீட்டுக்குள் வந்தவள் என் அறை வாசலில் நின்றாள். ஜன்னல் முழுக்க மரம்.
"இந்த ரூம் கிடைக்குமா?"
அம்மா என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "இவளுக்கென்ன, புத்தகம் இருந்தா எங்க வேணா கிடப்பா."
மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். எந்த முகத்தோடு?

ஏப்ரல் 7
அப்பா கொத்தனாரைப் போனில் திட்டினார். பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் — ரெண்டு அடி வச்சிருந்தாக்கூடப் பரவால்ல.

ஏப்ரல் 19
ஷெட்டில் என் மேசையின் இரண்டு கால்களுக்கு அட்டை மடித்துக் கொடுத்திருக்கிறேன். அப்படியும் பேனா உருள்கிறது. பகலிலும் விளக்குப் போட்டுத்தான் படிக்க வேண்டியிருக்கிறது.
மாலையில் நர்ஸ் வந்து கதவைத் தட்டினாள். "அக்கா, அந்த ஜன்னல் திறக்கவே மாட்டேங்குது."
போனேன். "லேசா மேல தூக்கி, அப்புறம் தள்ளணும்." திறந்தது. மரம் அங்கேயே நின்றது.
"அவ்ளோதானா?" என்றாள்.
"அவ்ளோதான்" என்றேன்.