சுருங்கிய துணி

அன்புள்ள அப்பா,

நலமா என்று கேட்டால் பொய் சொல்வீர்கள். அதனால் கேட்கவில்லை.

கல்லூரி நாட்களில் என் சுடிதார்கள் ஒவ்வொன்றாக இறுக்கிப் பிடிக்கும். தையலைப் பிரித்து விடும்போதெல்லாம், "மட்டமான துணிம்மா, தண்ணி பட்டதும் சுருங்கிடுச்சு" என்று ஜவுளிக்கடைக்காரரைத் திட்டுவீர்கள். சினைப்பையில் நீர்க்கட்டி, அதனால்தான் எடை கூடுகிறது என்று டாக்டர் சொன்ன பிறகும் திட்டு கடைக்காரருக்குத்தான். ஊரே என் எடையைப் பேசியது. அளவெடுக்கும்போது நீங்கள் எண்ணை வாய்விட்டுச் சொன்னதே இல்லை.

மாத்திரையும் நடையுமாக இப்போது இளைத்திருக்கிறேன். நீங்கள் தைத்ததெல்லாம் தொளதொளவென்று தொங்குகிறது. பிடித்துத் தைத்துத் தருவதாக இங்குள்ள தையல்காரர் சொன்னார். "துணி விரிஞ்சிடுச்சுங்க, அப்பா பாத்துப்பாரு" என்று வந்துவிட்டேன்.

கண் மங்கிவிட்டது, மெஷினை விற்கப்போகிறேன் என்று தம்பியிடம் சொன்னீர்களாம். விற்காதீர்கள். ஞாயிறன்று வருகிறேன். ஊசியில் நூலை நான் கோத்துத் தருகிறேன்.

உங்கள்
மட்டமான துணிக்காரி