கிணற்றுச் சீட்டு

9-6-1959

நேற்றே சாரல் பிடித்துவிட்டது. காலையில் குதிரைவண்டி பிடித்து, தென்காசியிலிருந்து தம்பி வீரபாகுவைக் குற்றாலத்துக்குக் கூட்டி வந்தேன். வழியெல்லாம் ஒரு வார்த்தை இல்லை. அவன் பேசி இரண்டு வருஷம் ஆகிறது. அவன் மனைவி அகிலாண்டேஸ்வரியின் அண்ணன்மார் முடிவாகச் சொல்லிவிட்டார்கள்: ஆடி முடியட்டும், தெளியாவிட்டால் பட்டணத்துப் பைத்தியக்கார ஆஸ்பத்திரி. அங்கே போனவன் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

அருவிக் குளியலில் புத்தி தெளியும் என்று இருபது வருஷமாகச் சொல்கிறேன். "அண்ணாச்சி நாலாங்கிளாசு, என்னத்தக் கண்டாரு" என்று அவள் பிறந்த வீட்டில் சிரிக்கிறார்களாம். மரக்கடை நடத்திக்கொண்டே, அகராதியைப் பக்கத்தில் வைத்து இங்கிலீஷ் பேப்பரை முழுக்கப் படிக்கிறவன் நான். சிரிக்கட்டும்.

10-6-1959

நாங்கள் தங்கியிருப்பது தம்பியைப் போன்றவர்களை வைத்துப் பார்க்கும் விடுதி. இங்கே ஒரு பெண் வந்திருக்கிறாள், தங்கபுஷ்பம் என்று பெயர். ஏதோ காலேஜில் மனோதத்துவம் சொல்லிக் கொடுக்கிறாளாம். அருவியால் புத்தி தெளிகிறதா என்று சோதிக்கப் போகிறாளாம். இருக்கிறவர்களில் பாதிப் பேருக்கு அருவி, பாதிப் பேருக்கு விடுதியின் பின்கிணறு. எண்ணெய், கஞ்சி, குளிக்கும் நேரம் எல்லாம் இரு பக்கமும் ஒன்றே. கடைசியில் வந்து பார்க்கும் டாக்டருக்குக்கூட யார் எந்தப் பக்கம் என்று சொல்ல மாட்டாளாம்.

"தெளியுதுன்னு ஊருக்கே தெரியும். இதுல என்னத்தம்மா பாக்கப் போறீய?" என்றேன்.

"தெளியுது அண்ணாச்சி. அருவியாலயா, வீட்ட விட்டு வந்ததாலயா, நாள் போனா தானாத் தெளியுமா? மத்ததெல்லாம் ஒண்ணுபோல இருந்தாத்தான் தண்ணியத் தனியாப் பிரிச்சுப் பாக்க முடியும்."

"நான் கண்ணால கண்டிருக்கேன்."

"அருவிக்கு வராமலே தெளிஞ்சவனக் கண்டிருக்கியளா? அவன் வீட்டுலல்லா இருப்பான்."

எரிச்சல்தான் வந்தது. ஆனாலும் சம்மதித்தேன். அருவி ஜெயிக்கும், அவள் எழுதுவது அச்சில் வரும். நாலாங்கிளாசு என்றவர்கள் வாயடைத்துப் போகட்டும்.

11-6-1959

யாருக்கு எது என்பதை அவளும் தீர்மானிக்கக்கூடாதாம், நாங்களும் கேட்டு வாங்கக்கூடாதாம். சீட்டுக் குலுக்கினாள். தம்பிக்குக் கிணறு விழுந்தது.

மாற்றுத்துணி கொண்டு வந்த அகிலாண்டேஸ்வரி அழுதாள். "பூக்கட்டிப் பாத்த மாதிரி ஆயிட்டே அத்தான். சாமியே அருவி வேண்டாம்னுட்டாரே."

"சாமி இல்லம்மா. காயிதம்."

அவளிடம் அப்படிச் சொன்னேன். எனக்கே நெஞ்சு ஆறவில்லை.

15-6-1959

எண்ணெய் தேய்த்துவிடும் மாடக்கண்ணு சொல்லுகிறான்: "கெணத்துத் தண்ணி சும்மா தண்ணிதான் அண்ணாச்சி. அங்கன விழுகது மூலிகையெல்லாம் தொட்டுட்டுல்லா வருது."

கிணற்றடியில் நின்றால் அருவிச் சத்தம் கேட்கிறது. அதைக் கேட்டுக்கொண்டே அவன் தலையில் வாளித் தண்ணீர். எப்படிப் பொறுப்பது?

16-6-1959

சீட்டுப்படி நடப்பதாக வாக்குக் கொடுத்தது உண்மை. கொடுத்தது சீட்டு விழுவதற்கு முன்னால் — இது ஒரு நியாயமா? எனக்கு இது போதும்.

17-6-1959

விடியுமுன் அவனை எழுப்பிச் சிற்றருவிக்குக் கூட்டிப் போனேன். நல்ல தூரம். பாறையெல்லாம் வழுக்கல், கையைப் பிடித்துக்கொண்டேன். திரும்பி வந்ததும் ஒன்றும் நடக்காதது போலக் கிணற்றுக் குளியலும் ஆயிற்று. இனித் தினமும் இப்படித்தான்.

3-7-1959

இன்று பேசினான்.

அருவியை எட்டுவதற்கு முன்னால், புளியமரத்து வளைவில். கையைப் பிடித்துக்கொண்டு நடந்தவன் நின்றான். "அண்ணே, வாரு அறுந்துட்டு" என்றான். என் காலைப் பார்த்தேன். இடது செருப்பு. நான் அப்படியே ரோட்டு ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். அவன்தான் குனிந்து செருப்பை எடுத்தான்.

அருவிதான்! வேறென்ன?

18-7-1959

சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். "எண்ணெ கண்ணுல படுது, பாத்துத் தேயும்" என்று மாடக்கண்ணுவை அதட்டினானாம்.

8-8-1959

டாக்டர் வந்து எல்லாரையும் பார்த்துவிட்டுப் போய்விட்டார். இன்று தங்கபுஷ்பம் கூப்பிட்டுச் சொன்னாள். "ரெண்டு பக்கமும் ஏறக்குறைய ஒண்ணுபோலத்தான் தெளிஞ்சிருக்கு அண்ணாச்சி. அருவியால கூடுதலா ஒண்ணும் இல்ல. அப்படித்தான் எழுதணும்."

"அருவியால ஒண்ணும் இல்லேன்னா?"

"உங்க தம்பியவே பாருங்க. கெணத்துத் தண்ணியிலதான குளிச்சாரு? எப்படிப் பேசுதாரு!"

என் தம்பியையே அருவிக்கு எதிர்சாட்சி ஆக்குகிறாள். என்னால் தாங்க முடியவில்லை. "அவன் அருவியில குளிச்சவன்! தினமும் நாந்தான் கூட்டிட்டுப் போனேன்!" என்று கத்திவிட்டேன்.

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். மகனைக் கொண்டுவந்து வைத்திருக்கும் யாக்கூப் வாசலில் நின்றார். அவர் பையனுக்கும் கிணற்றுச் சீட்டுதான். "நாங்களும்தான் வே, ஐந்தருவிக்கு. நீரு போறதப் பாத்துத்தான் எனக்குத் தைரியமே வந்துச்சு" என்றார். மாடக்கண்ணு தரையைப் பார்த்தான். "மிச்சப் பேர நான்தான்... பாவமா இருந்துச்சும்மா."

கிணற்றுக்காரர்களில் கிணற்றோடு நின்றவர் ஒருவரும் இல்லை.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "இனி அருவியால உண்டுன்னும் எழுத முடியாது, இல்லேன்னும் எழுத முடியாது. அருவிய நம்புனவங்களே கெடுத்துட்டியளே" என்றாள்.

"அருவிச் சத்தம் கேக்குற எடத்துல கெணத்தடிய வச்சுக்கிட்டா? மனுசன் சும்மா இருப்பானா?"

"அது என் தப்புதான்" என்று ஒப்புக்கொண்டாள். எனக்கு அதற்கு மேல் சண்டை போட வழியில்லாமல் போயிற்று. அவள்தான் கேட்டாள். "மொதல்ல எங்க வச்சுப் பேசுனாரு?"

"போற வழியில."

"குளிக்கிறதுக்கு முந்தியா?"

"முந்தி."

"வீட்டுல இருக்கையில அவரக் கூட்டிக்கிட்டு நடந்திருக்கியளா, அண்ணாச்சி?"

குடையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

9-8-1959

அது ஒரு கேள்வியா? வீட்டில் அவன் பின்கட்டு அறையில் இருந்தான். தட்டு உள்ளே போகும், தட்டு வெளியே வரும். குறை ஒன்றும் வைக்கவில்லை. யாரும் கூட நடக்கவில்லை, அவ்வளவுதான்.

இருந்தாலும் அருவிதான்.

17-8-1959

தென்காசிக்குத் திரும்பிவிட்டோம். ஆடி நேற்றோடு முடிந்தது. அகிலாண்டேஸ்வரியின் அண்ணன்மார் சொன்னபடி வந்தார்கள். கதவைத் திறந்தவன் வீரபாகு. "வாங்க மச்சான், எப்ப வந்திய? மழை உண்டா அங்க?" என்றான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். காப்பி குடித்தார்கள். ஆஸ்பத்திரிப் பேச்சே எழவில்லை.

புறப்படும்போது மூத்தவர் என் அருகில் வந்தார். "நீங்க சொன்னதுதான் சரி அண்ணாச்சி. அருவி வேலையக் காட்டிட்டு" என்றார்.

இருபது வருஷமாகக் காத்திருந்த பேச்சு. "ஆமாம்" என்று சொல்ல வாய் வரவில்லை.

20-9-1959

சீசன் முடிந்தது. அருவியில் நூலாகத்தான் விழுகிறதாம். நான் விடாமல் தினமும் விடியலில் அவனைக் கூட்டிப் போகிறேன். குத்துக்கல்வலசை ரோட்டில் போய்த் திரும்புவது. குளியல் வீட்டுக் குழாயடியில், வந்த பிறகு. அருவி இல்லாமலும் பார்ப்போமே. இதுவரை தெளிவு குறையவில்லை. நேற்று வழியில் கண்ட ஒரு மாட்டுக்கு விலை சொன்னான். கூடுதலாகத்தான் சொன்னான்.

தங்கபுஷ்பத்துக்குக் கார்டு எழுதினேன். 'அடுத்த சாரலுக்கு மறுபடியும் வாருங்கள். கிணற்றுக்கு அருவிச் சத்தம் கேட்காத இடம் பாருங்கள். ஆனால் அருவிக்காரர்களானாலும் கிணற்றுக்காரர்களானாலும், வீட்டு மனுசர் ஒருவர் கையைப் பிடித்து ஒரே தூரம் நடத்திக் கூட்டிப் போக வேண்டும். அப்படிச் செய்தால்தான் தண்ணீரைப் பற்றித் தெரியும். அப்போதும் அருவிதான் ஜெயிக்கும்.'

எழுதி முடிக்கும்போது வீரபாகு என் செருப்பைக் கொண்டுவந்து முன்னால் வைத்தான். புது வார் அவனே சொல்லிப் போட வைத்தது.

"இன்னைக்கு எங்கண்ணே போறோம்?"

"சும்மா, கார்டப் போட்டுட்டு வருவோம்."

"தபாலாபீசு பக்கத்துலல்லா இருக்கு" என்றான். "சுத்திப் போவோம்."