வீனஸின் காதோர மச்சம்

அன்பு மனைவி ஒர்சோலாவுக்கு, வெனிஸிலிருந்து உன் பொர்தோலோ எழுதுவது. நான் சுகம். உன் இருமல் நின்றதா?

ஒரு வேடிக்கை கேள். நான் வண்ணம் அரைக்கும் ஓவியக் கூடத்தில் நம்ம ஊர் ஸுவானே வீனஸ் தேவியை வரைகிறான். அவள் புருஷன், நொண்டிக் கொல்லன் வல்கனுக்கு என்னை மாதிரியாக உட்கார வைத்தான்.

"மூஞ்சிய மாத்தாதடா, கச்சிதமா இருக்கு!" என்றான்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

எழுந்து பார்த்தால், வீனஸுக்கு உன் முகம். இடது காதுக்குக் கீழே இருக்கும் மச்சம்கூட விடவில்லை.

"அவளோட கள்ளக் காதலன் மார்ஸுக்கு யார்ரா மூஞ்சி?" என்று கேட்டேன். ஸுவானே முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்துத் தன் முன்னால் வைத்துக்கொண்டான்.

குளிர் தாங்கவில்லை, கம்பளிக் காலுறை அனுப்பு. கடிதம் கொண்டுவரும் படகுக்காரன் அவசரப்படுத்துகிறான். நீ தெருவில் முக்காடு போட்டுப் போகும்போது அந்த மச்சம் வெளியே தெரியுமா, அதை மட்டும் எழுது.