முறைத் தண்ணீர்

அன்புள்ள தங்கச்சிக்கு,

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு உங்கள் ஊர் வாய்க்கால் ஷட்டரை மூடியது நான்தான். உன் வயலுக்குத் தண்ணீர் எட்டவில்லை என்று தெரிந்தேதான் மூடினேன். உங்கள் முறை முடிந்துவிட்டது. அடுத்த ஊருக்குத் திறக்க வேண்டும். அதுதான் என் வேலை.

எல்லா ஊருக்கும் ஒரே நேரம் என்பது நியாயம்தான். ஆனால் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேரவே பாதி நேரம் போய்விடுகிறது. அதை மேலே எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதில் இல்லை.

"கூடப்பொறந்தவளுக்கு ஒரு மணி நேரம் விடக்கூடாதாண்ணே?" என்று கேட்டாய். அந்த ஒரு மணி நேரத் தண்ணீர் இன்னொருத்தியுடையது. அவளும் யாருக்கோ தங்கச்சிதான்.

காதுகுத்துக்கு வரவேண்டாம் என்று மாப்பிள்ளையிடம் சொல்லியனுப்பியிருக்கிறாய். வருவேன். பிள்ளையை மடியில் வைத்துக்கொள்வது தாய்மாமன் முறை. நான் முறை தவற மாட்டேன் என்று உனக்குத்தான் நன்றாகத் தெரியுமே.

உன் அண்ணன்